அடிக்காத அலாரம்

கண்டி நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள் ஒன்று மஹய்யாவ வீதிக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அது எந்த இடத்தில் எவ்வளவு சுடுகிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

போன வருஷம் வீதியின் ஒரு வளைவுக்குக் கீழே, கேபிளின் இரு துண்டுகள் இணையும் ஜொயின்டில், சூடு ஏறத் தொடங்கியது. எழுபது பாகையைத் தாண்டியதும் அலாரம் அலறியது. எங்கள் பொறியியலாளரிடம் ஓடினேன்.

"தோண்டிப் பார்க்கணும் சேர். அந்த ஜொயின்ட் எரியப் போகுது."

"பெரஹர ஊர்வலத்துக்குன்னு இப்பதானே ரோட்டுக்குப் புதுசா தார்க் காபட் போட்டிருக்காங்க. அத வெட்ட யாரு விடுவாங்க? பெரஹர முடியட்டும், பார்ப்போம்" என்றார்.

கேபிளுக்குப் பெரஹர தெரியுமா? அலாரம் ஓயவில்லை. சத்தம் தாங்காமல் அவரே வந்து என் கதிரையில் உட்கார்ந்தார். அலாரம் அடிக்கும் எல்லையைத் தொண்ணூறுக்கு உயர்த்திவிட்டு எழுந்து போனார். அறை அமைதியானது. திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் பஸ்ஸில் வரும்போது பார்ப்பேன்: கண்டிக் குளிருக்கு இதமாக, சரியாக அந்த வளைவில்தான் தெருநாய்கள் சுருண்டு படுத்திருக்கும். நாய்க்குக்கூடத் தெரிந்த சூடு!

பெரஹர இன்னும் முடியவில்லை. திரையில் சூடு தொண்ணூறைத் தொடுவதற்குள் ஜொயின்ட் வெடித்து, பாதி நகரம் இருண்டது. வெட்டவே முடியாத அந்தக் காபட்டை மறுநாளே வெட்டினார்கள். யாரும் தடுக்கவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம், என்னை வைத்துக்கொண்டே, பொறியியலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"எங்க பக்கம் ஒரு பிழையும் இல்ல. கடைசி வரைக்கும் அலாரம் அடிக்கவே இல்லையே."