டிரெய்லர் நின்ற மண்

சர்க்கரை நோயில் இடது கண் மங்கியதும் டெரிக்கின் கனரக வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே இருபத்தொன்பது வருஷம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். ஐம்பத்தேழு வயதில், பகல் முழுக்க வீட்டில் கிடப்பது அவருக்குப் புதிது. இரண்டு வாரம் டிவி பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

திருவொற்றியூரில் அவர்கள் வீட்டை ஒட்டி அரை கிரவுண்டு காலி இடம் இருந்தது. மனைவி ஹில்டாவுக்கு அவள் அப்பா விட்டுப்போனது. பதினோரு வருஷமாக அதில் டிரெய்லர்கள்தான் நின்றன. பாதி நாள் டெரிக் ஓட்டிய வண்டியே நின்றது. அங்கே தோட்டம் போடலாம் என்று கடப்பாறையை ஓங்கிக் குத்தினார். ணங்கென்று எகிறி வந்தது. எப்படியோ குழி பறித்து ஒரு முருங்கைக் கொம்பும் ஆறு கத்தரி நாற்றும் நட்டார். ஒரு மாதத்தில் எல்லாம் கருகிவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நின்றது.

தண்டையார்பேட்டையில் விதையும் மாட்டுத்தீவனமும் விற்கும் வெள்ளத்துரையிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்.

“மண்ணு இறுகிப் போச்சு வே,” என்றார் வெள்ளத்துரை. “தக்கைப்பூண்டு வெதையும். அவரை, பயறு சாதிதான் அது. வேரு ஆழமாப் போயி மண்ணைப் பொளக்கும். காத்துல உள்ள சத்தைப் பிடிச்சு வேருல வச்சுக்கிடும். பூவெடுத்ததும் அறுத்து மண்ணுக்குள்ளயே போட்டு மடக்கிரணும். விட்டீருன்னா கட்டையாப் போயிரும்.”

ஜூலைக் கடைசியில் ஒரு மழைக்குப் பின் மேல்மண்ணைக் கொத்திவிட்டு ஒரு கிலோ விதைத்தார். டீசல் ஊறிக் கறுத்த மூலையில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. மற்ற இடத்தில் செப்டம்பருக்குள் தோள் உயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது. துணி காயப்போட வரும்போதெல்லாம் ஹில்டா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

டெரிக் அரிவாளோடு இறங்கியபோது வழிமறித்தவளும் அவள்தான்.

“இன்னாயா பண்ற? இப்போதான் பச்சையா ஒண்ணு கண்ணுக்குத் தெரியுது. அத்தப் போயி வெட்டுறேன்ற.”

“கடைக்காரரு சொல்லிகீறாரு, ஹில்டா. பூவுலயே வெட்டணுமாம்.”

“ஒரு வாரம் இருக்கட்டும்யா.”

அவருக்கும் மனசு வரவில்லை. ஒரு வாரம் என்றது ஒரு மாதமானது. காய் பிடித்துத் தண்டு முற்றிவிட்டது. அக்டோபரில் வெட்டினால் அரிவாள்தான் மழுங்கியது. மண்ணில் போட்டது மட்கவில்லை. கனமழையில் விறகுக் குச்சிகளாய் மிதந்தது. இருவருமாக அதைப் பொறுக்கிக் குவித்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து, ஈரம் காய்வதற்குள் மறுபடியும் விதைத்தார். நாற்பதாவது நாள், முதல் பூ தெரிந்ததும் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேரெல்லாம் கடுகு கடுகாய் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினார். உள்ளே ரோஸ் நிறம். ஹில்டாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கையில் வாங்கி உற்றுப் பார்த்தாள்.

“இதுலயா சத்து கீது?”

“ஆமா. செடியோட சேத்து உள்ள போட்டா மண்ணு துன்னுக்கும்.”

“அப்போ வெட்டு. நானும் வரேன்.”

அவள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவர் அறுத்துப் போட, அவள் மண்வெட்டியால் மண்ணை இழுத்து மூடினாள். தண்ணீர் விட்டதும் பத்து நாள் அழுகல் வாடை அடித்தது. பக்கத்து வீட்டு ரமாபாய் சத்தம் போட்டாள். ஹில்டாவே போய்ச் சமாதானம் சொன்னாள்.

மார்ச்சில் மண்வெட்டி முழு அலகும் இறங்கியது. அந்த மண்ணில் டெரிக் முதல்முறையாக மண்புழுவைப் பார்த்தார். காராமணி போட்டார், மே மாதம் கூடை கூடையாய்க் காய்த்தது. ஹில்டா நெத்திலிக் கருவாட்டோடு குழம்பு வைத்தாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. சக்கரங்கள் அதிகம் ஏறி இறங்கிய கேட் பக்கத்தில் கொடி இன்னும் சோனியாகத்தான் வருகிறது. அங்கே மட்டும் இந்த ஜூலையிலும் தக்கைப்பூண்டுதான் விதைத்திருக்கிறார்.