அண்ணன் குரல் இருந்த கார்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், அண்ணியின் முகம் கண்ணில் வரும், மூடி வைத்துவிடுவேன். ஒருவரைப் பற்றி அவர் நல்லபடியாக இருக்கும்போதே எழுதி, படிக்கிற நாலு பேர் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். நான் பத்தாவதோடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லாதவன் என்பது இன்னொரு காரணம். ஆனால் நான் எழுதாமல் இருந்ததில் ஊரே கதை கட்டிக்கொண்டது. செத்துப்போன என் அண்ணன் கம்ப்யூட்டரில் வந்து பேசினார் என்றார்கள் சிலர். விவரம் கெட்ட பொம்பளை புருஷன் குரலையே பாழாக்கப் பார்த்தாள் என்றார்கள் வேறு சிலர். போன மாசம் குறிஞ்சிப்பாடியில் ஒரு காதுகுத்துப் பந்தியில் இந்த இரண்டாவது கதையை, அண்ணியின் மகள் காதுபடவே ஒருவர் சொல்லிச் சிரித்தார். அவள் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு வந்து, "சித்தப்பா, நீங்க அங்கதான இருந்தீங்க? நடந்தத நடந்த மாதிரி எழுதிடுங்க" என்றாள். நடராஜர் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அந்தக் கார்டு இன்னும் என் உள்ளங்கையில் இருப்பதுபோலவே இருக்கிறது. தபால் தலையை விடக் கொஞ்சம்தான் பெரிசு, கறுப்பு நிறம். ஒரு பக்கம் லேசாக வயிறு வைத்தாற்போல மேடாக இருக்கும், மறுபக்கம் தட்டை. தட்டையான பக்கத்தின் ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்த அண்ணன், மகள் பிறந்த 2004-இல் லீவில் வந்தபோது வாங்கி வந்த டிஜிட்டல் கேமராவின் கார்டு அது. அந்த வருஷக் கடைசியில்தான் கடல் ஊருக்குள் வந்தது. அதன்பிறகு வெகு நாளைக்குக் கடலூரில் யாரும் பொழுதுபோக்கக் கரைப்பக்கம் போகவில்லை. அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, "எத்தினி நாளைக்குத்தான் பயந்துகிட்டே கெடக்கறது" என்று எங்களைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அண்ணி குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் வீடியோ எடுத்தபடியே பின்னால் பின்னால் போய் அலையில் மல்லாந்து விழுந்தார். கேமரா அன்றோடு சரி. அண்ணன் அதிலிருந்து கார்டை உருவி, என் துண்டில் துடைத்து, அண்ணி கையில் வைத்து, "கேமரா போனா போவுது. எல்லாம் இதுலதான் இருக்கு, பத்திரமா வெச்சுக்க" என்றார். அடுத்த வருஷம் மஞ்சள்காமாலையில் அவரே போய்விட்டார்.

அண்ணி மகளைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனார். தையல் தைத்துப் பிழைத்தார். கடற்கரைக்கு முந்திய படங்களையெல்லாம் அண்ணன் உயிரோடு இருந்தபோதே பிரிண்ட் போட்டு வைத்திருந்ததால், முகத்துக்குப் பஞ்சமில்லை. குரல்தான் இல்லை. மகள் ஒண்ணாவது படிக்கும்போது ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தேன். என் மடியில் உட்கார்ந்து, "சித்தப்பா, எங்கப்பா எப்பிடிப் பேசுவாரு? ஒன்ன மாதிரியா? பேசிக் காட்டேன்" என்றாள். நானும் அண்ணனைப்போலப் பேசிப் பார்த்தேன். வரவில்லை. அண்ணி சட்டென எழுந்து உள்ளே போனவர், பூஜை மாடத்திலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்துவந்து திறந்து, பஞ்சில் வைத்திருந்த கார்டை என் கையில் கொடுத்தார். "இதுல அன்னைக்கு எடுத்த வீடியோ இருக்கும் தம்பி. எப்பிடியாவது போட்டுக் காட்ட வெய்யி. அவரு கொரலு எனக்கே மறந்துகிட்டு வருது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலூரில் குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் எனக்கு ஷிப்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். அதற்குள் எல்லோர் கையிலும் போன் வந்து, விரல் நகம் அளவு கார்டுதான் உலகம் என்று ஆகிவிட்டிருந்தது. கேமராவுக்கு என்று எல்லாக் கடையிலும் இருந்த கார்டு, ஒரு மூலை வெட்டி, பக்கவாட்டில் சின்னப் பூட்டு வைத்தது. அதன் துளையில் எங்கள் கார்டு நுழையவில்லை. நீளம் குறைவு, அகலம் ஒரு மயிரிழை கூடுதல். ஒரு கடைக்காரர் அழுத்தி நுழைக்கப் பார்த்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொருவர், "கேமரா எங்கங்க?" என்றார். "கடல்ல போயிடுச்சு" என்றேன். "அப்ப கடல்லயே போய்க் கேளுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு கார்டு செய்ததாம். ஒன்று சூயிங்கம் பட்டைபோல நீளமாக, இன்னொன்று பிஸ்கட் போலத் தடியாக, வேறொன்று காகிதம்போல மெலிசாக. அததற்கு அதன் கேமராதான். அந்தக் கேமரா நின்றுபோனால் கார்டு அநாதை. கடைசியில் அந்தக் கடைக்காரரே மனசு கேட்காமல், "பழைய ஸ்டுடியோ எதுலயாவது கேளுங்க மாமா. அவுங்கதான் எதையும் தூக்கிப் போட மாட்டாங்க" என்று வழி சொல்லி அனுப்பினார்.

சிதம்பரம் கீழவீதியில் அப்படி ஒரு ஸ்டுடியோ இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியும் மகளும் நானும் கோயிலுக்குப் போய்த் தரிசனம் முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு அந்தக் கடையில் ஏறினோம். ஸ்டுடியோக்காரர் பெரிய சரீரம், பெரிய குரல். கார்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததுமே, "அட, எக்ஸ்டி கார்டு! ரெண்டே கம்பெனிக்காரன்தான் இத போட்டான். எவ்ளோ நாளாச்சு இத பாத்து" என்று சொந்தக்காரரைக் கண்டதுபோலச் சொன்னார். மேஜை இழுப்பறையைக் கலைத்து, பல வாய்கள் வைத்த ஒரு பழைய ரீடரை எடுத்து, அதில் ஒரு வாயில் கார்டை வைத்தார். அளவாக உட்கார்ந்தது. நான் மனசுக்குள் கும்பிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி மட்டும் வந்து நின்றது, படம் வரவில்லை.

"என்னா கேக்குது?" என்றார் அண்ணி.

"கார்டு புரியலியாம். அழிச்சிட்டுப் புதுசா பண்ணிக்கவான்னு கேக்குதும்மா."

"அய்யோ, வேணாம்னு சொல்லுங்க! கைய எடுங்க மொதல்ல!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டார். ஸ்டுடியோக்காரர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் கார்டை வெளியே எடுத்தார். திரும்ப வைத்தார். மறுபடியும் அதே கேள்வி. கடல் தண்ணீர் உள்ளே போயிருக்குமோ, அப்போதே எல்லாம் போய்விட்டதோ என்று நினைத்தேன். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டபடி இருந்தாள். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவ் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, தங்கக் கோடுகள் இருக்கிற பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னாம்மா இது, மஞ்சளா?"

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாக, "சந்தனம்ங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வெப்பேன். தையல் மிஷினுக்கு, கத்திரிக்கோலுக்கு, அவரு ஸ்பேனருக்கு எல்லாம் வெப்பேன். இதுக்கும் வெப்பேன். நடுவுல குங்குமம்" என்றார்.

ஸ்டுடியோக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நானும்தாம்மா எல்லா மிஷினுக்கும் வெக்கிறேன். நெத்தியில வெப்பேன், வாயில அப்ப மாட்டேன்!" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, ஆனால் அண்ணியின் முகம் செத்துவிட்டது. கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "நானே அவரு வாய அடைச்சிட்டேனா தம்பி?" என்று கேட்டார். கும்பிடத் தெரிந்தவர் கும்பிட்டார், அதில் என்ன குற்றம் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

ஸ்டுடியோக்காரர் சட்டெனச் சிரிப்பை நிறுத்தினார். "உள்ள ஒண்ணும் ஆயிருக்காதும்மா. வாசல்லதான் அடைச்சிருக்கு" என்று ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தார். அண்ணி கையை நீட்டினார். "நான் வெச்சது. நானே எடுக்கறேன்." ஸ்டுடியோக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "தேய்க்காதீங்க, ஒத்தி ஒத்தி எடுங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணி பூதக்கண்ணாடி வழியே குனிந்து, கைக்குழந்தையின் கண்ணில் பீளை எடுப்பதுபோல ஒவ்வொரு கோடாக ஒத்தி எடுத்தார். பஞ்சு மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் வெள்ளையாகவே வந்தது. கோடுகள் புதுத் தாலிச் சரடில் குண்டு கோத்ததுபோல மின்னின. ஸ்பிரிட் நன்றாகக் காயட்டும் என்று ஸ்டுடியோக்காரர் பேன் காற்றில் காட்டிவிட்டு ரீடரில் வைத்தார்.

இந்த முறை கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை. சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் வந்தபடியே இருந்தன. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டு அழ ஆரம்பித்தார். "மொதல்ல காப்பி. அப்பறம் அழுவுங்க" என்று ஸ்டுடியோக்காரர் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு சி.டி.யில் போட்ட பிறகுதான் வீடியோவைத் தொட்டார். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

படத்தில் அண்ணன் இல்லை, அவர்தானே எடுத்தது. அண்ணியும் குழந்தையும் அலையோரம் நிற்கிறார்கள். குரல் மட்டும் கேட்கிறது. "இங்க பாருடி கண்ணு. இங்க, இங்க. தண்ணி ஒண்ணும் பண்ணாது. ஏய், அவள கெட்டியா புடி. சிரி கொஞ்சம், யாருக்கோ வந்த மாதிரி நிக்கற." அப்புறம் ஒரு சிரிப்பு. அண்ணன் சிரிப்பேதான். வானம் ஒருதரம் சுற்றி, படம் நின்றது.

மகள்தான் முதலில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை மூக்கி என்று கூப்பிட்டு அழவைப்பது வழக்கம். துள்ளிக் குதித்து, "அம்மா, அப்பாவும் மூக்கால பேசறாரும்மா! என்ன மாதிரியே!" என்றாள். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். அண்ணன் போனபிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

இன்றைக்கு அந்தக் குரல் கல்லூரியில் படிக்கும் மகளின் போனில் இருக்கிறது, என் போனிலும் இருக்கிறது. கார்டு மட்டும் போட இடமில்லாமல் சிமிழிலேயே கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு அண்ணி இப்போதும் சந்தனம் வைக்கிறார், சிமிழின் மூடி மேல்.

இதைப் படிக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். செத்தவர் யாரும் வந்து பேசவில்லை. விவரம் கெட்டவள் யாரும் எதையும் பாழாக்கவில்லை. சந்தனம் வைத்தது என் அண்ணி. அதைத் துடைத்து எடுத்ததும் என் அண்ணிதான்.