என் மேனேஜர் நாதன்

ஏர்கோன் சர்வீஸ் செய்கிறவனுக்குச் சோறு போடுவது ஈப்போ வெயில். அவன் மூளையை உருக்குவதும் அதே வெயில்தான். தனியாளாகத் தொழில் நடத்தும் சக பாவிகளே, ஏணியில் நிற்பவனும் போன் எடுப்பவனும் வேன் ஓட்டுபவனும் ஒரே ஆள் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எனக்கும் ஆறுதல் வேண்டாமா?

அப்போது எனக்கு ஒரே கனவுதான். பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் ஒன்று, தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகும் அங்கேயே இருக்கிறது. அதன் கல்யாண மண்டபத்து ஏர்கோன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. கிடைக்காவிட்டால் வேனை விற்றுவிட்டுப் பழைய தொழிற்சாலைக்கே திரும்புவதாக என் மனைவி கலாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

நாதன் பிறந்த கதை

காலையில் காம்பார், மத்தியானம் ஈப்போ, சாயங்காலம் மறுபடியும் காம்பார் என்று அலைந்துகொண்டிருந்தேன். யார் கூப்பிட்டாலும் "இதோ வாரேன்" என்பேன். பாதிப் பேரிடம் போய்ச் சேர மாட்டேன். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லுங்களேன்" என்றாள் கலா. ஆபீஸ் என்பது எங்கள் சமையலறை மேசை. யோசனை பிடித்துப்போய் இன்னொரு போன் வாங்கினேன். அதில் பேசுபவர் மேனேஜர் நாதன். நான்தான். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "திங்கள் காம்பார், செவ்வாய் ஈப்போ, மாற்ற இயலாது" என்பார். என்னிடம் மல்லுக்கு நிற்பவர்களெல்லாம் அவரிடம் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கே அவர் மேல் பொறாமை வந்தது.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளரை நாதனாகக் கண்டித்துவிட்டு, என் சொந்தப் போனில் அவரையே கூப்பிட்டு, "மேனேஜர் அப்படித்தாங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று சமாதானம் சொன்னேன். கலா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான்.

"வேனை எடுங்க, இப்பவே தஞ்சோங் ரம்புத்தான் போலாம்லா. உங்களுக்கும் நாதனுக்கும் சேர்த்து ஒரே கட்டிலா கேட்டுப் பாக்குறேன்."

யார் கொடுப்பது கேரண்டி?

நாதன் போட்ட அட்டவணைப்படி, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராஜம்மா அக்கா வீட்டில் புது ஏர்கோன் மாட்டப் போனேன். அக்கா வாசலிலேயே மறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலமாம். "கொஞ்சம் முன்னாடி வந்து ஒரு ஸ்க்ரூவை முடுக்கியிருந்தாலும் போதும் தம்பி, தொடங்குன வேலைக்குத் தோஷம் கிடையாது" என்றார். பன்னிரண்டு மணிவரை சோபாவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன், வடை தின்றேன், அவர் மருமகளின் குற்றங்களைக் கேட்டுக்கொண்டேன். இடையில் கழிப்பறைக்குள் போய், காத்திருந்த மற்ற வீடுகளிடம் நாதனாக மன்னிப்பும் கேட்டேன். வெளியே வந்து, "ஏர்கோனுக்கு ராகு காலம் தெரியுமாக்கா?" என்று எரிச்சலை அக்காவிடம் காட்டினேன். அவர் அசரவில்லை.

"சாமான் கெட்டா கம்பெனிக்காரன் கேரண்டி இருக்கு. ராகு காலத்துல மாட்டுனா உங்க நாதனா வந்து கேரண்டி குடுப்பாரு?"

பாக்கெட்டுக்குள் மேனேஜர்

அன்றே என் போன் காலண்டரில் வாரம் முழுவதும் ராகு காலத்தைச் சிவப்பில் அடைத்தேன். உதிரிச் சாமான் வாங்குவது, வேனைக் கழுவுவது எல்லாம் அந்த நேரத்தில். மண்டபத்திலிருந்து அழைப்பு வந்ததும் அதற்குப் பிறகுதான். செயலாளர் பரமசிவம் ஐயா, ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, நேரத்தில் கறார். "வெள்ளிக்கிழமை ஒன்பதுக்கு வந்து சர்வீஸ் பண்ணுங்க. மத்தியானம் கல்யாண அலங்காரக்காரங்க வந்துருவாங்க. பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

நான் என்ன செய்தேன்? போகிற வழியில் ஒரு சின்ன வேலையை முடித்துவிடலாம் என்று நுழைந்தேன். "பசியாறிட்டுப் போங்கலா" என்று அந்த வீட்டம்மா தோசைச் சட்டியை அடுப்பில் வைத்தார். அப்புறம் என்ன, தாமதம்தான். சாலையோரம் வேனை நிறுத்தி, நாதனை விட்டுப் பேசவைத்தேன்: "எங்கள் ஊழியர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும், ஐயா."

போய்ச் சேர்ந்தபோது பத்தரைக்குக் கொஞ்சம்தான் பாக்கி. ஐயா வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்றார். எனக்கு அந்தச் சிவப்புக் கட்டம் ஞாபகம் வந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் ஏணியோடு உள்ளே ஓடி, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, "தொடங்கியாச்சுங்க ஐயா!" என்று கத்தினேன். அவர் முகம் இளகிவிட்டது. பாவம் இந்தப் பையன், மேனேஜரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, போனை எடுத்து நாதனைக் கூப்பிட்டார்.

என் கால்சட்டைப் பை அலறியது. ஐயா நிறுத்தினார், பையும் நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி அலறியது. கையில் கழற்றிய ஸ்க்ரூவோடு ஏணியில் நின்றேன். போச்சு, வேன் போச்சு! ஐயா ஏணியடிக்கு வந்து நிதானமாகச் சொன்னார்.

"நேரங்காலம் தெரிஞ்சு ஸ்க்ரூவைத் தொடுறீங்க, வேலை உங்களுக்குத்தான் தம்பி. ஆனா அந்த நாதனை மட்டும் மண்டபத்துப் பக்கம் விட்டுறாதீங்க, ஆளு பொய்க்காரன்."

நாதனை அன்றே வேலையிலிருந்து தூக்கிவிட்டேன். ஆனால் இப்போது தாமதமாகப் போனால் திட்டு வாங்குவதற்கு எங்கள் கம்பெனியில் நான் ஒருவன்தான் மிச்சம்.