புளோயர் லைனில் நான் கட்டிய கம்பி

1. வண்டிக்கு அடியில்

லாரி ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "ஒயரிங் தெரியும்னு சொன்னியாமே, இதுல படுத்துப் பாரு" என்று ஒரு வண்டியைக் காட்டினார்.

யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். புதுக்கோட்டையில் ஓடிய லாரிகளில் பெரும்பாலானவை கரி லாரிகள்தான். கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம் நிற்கும். அதில் அடுப்புக்கரியை எரித்து, வரும் வாயுவில் இன்ஜின் ஓடும். நெருப்புப் பிடிக்க முதலில் காற்று ஊத வேண்டும். அதற்கு பேட்டரியில் ஓடும் ஒரு புளோயர். ஆறு வோல்ட் வண்டியில் அது இழுக்கும் கரண்ட் கொஞ்சநஞ்சமல்ல.

படுத்துப் பார்த்தேன். கம்பெனியில் போட்டு அனுப்பிய ஒயர் ஒரு பக்கம் ஒழுங்காகப் போயிற்று. அதற்கு மேல் ஒவ்வொருத்தரும் இஷ்டத்துக்கு இழுத்திருந்தார்கள். புளோயர், எலெக்ட்ரிக் ஹாரன், சரக்கு ஏற்றும் இடத்தில் ஒரு விளக்கு, பின்னால் ஒரு விளக்கு, எல்லாம் அம்மீட்டரின் ஒரே முனையில் தொங்கின. ஒன்றுக்கும் பியூஸ் இல்லை. சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் தேய்ந்து செம்பு தெரிந்தது.

"முதலாளி, இது பத்திக்கும்" என்றேன்.

"பத்திக்காம பண்ணத்தானே ஒன்னய வச்சிருக்கேன்."

அந்த வண்டியின் டிரைவர் காதர் அண்ணன், கோட்டைப்பட்டினத்துக்காரர். அங்கிருந்து கருவாட்டுச் சிப்பம் ஏற்றி, ஆவுடையார்கோவில், அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்கு வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேலை செய்த நாலு நாளும் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

பழைய தேக்குப் பலகை ஒன்றை இழைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே அடித்தேன். பேட்டரியிலிருந்து பலகைக்குத் தடித்த ஒயர் ஒன்று. பலகையில் நாலு பீங்கான் பியூஸ், ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறத்தில் பெயின்ட். ஒயர்களைச் சேர்த்துக் கட்டி, முழத்துக்கு ஒரு கிளிப் அடித்தேன். இரும்பு ஓட்டைகளில் சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகினேன்.

"இதென்ன தம்பி, அஞ்சறைப்பெட்டி மாதிரி பண்ணிட்டே" என்று காதர் அண்ணன் சிரித்தார்.

இரண்டு பொருள் மட்டும் கிடைக்கவில்லை. புளோயர் லைனுக்கு இன்னும் தடித்த ஒயர் வேண்டும். அவசரத்தில் பேட்டரியைத் துண்டிக்க ஒரு மெயின் சுவிட்ச் வேண்டும். "யுத்த நேரத்துல அதெல்லாம் எங்க போய் வாங்குறது? இருக்கிறத வச்சுப் பாருப்பா" என்றார் முதலாளி. வீட்டு ஒயர் இரண்டை முறுக்கி ஒன்றாக்கி, சீட்டுக்கு அடியில் புளோயர் லைனாகப் போட்டேன். தப்பு என்று தெரிந்துதான் போட்டேன்.

2. எரிந்த பியூஸ்

மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு புளோயர் பியூஸ் எரிய ஆரம்பித்தது. முதல் தடவை ஆவுடையார்கோவிலில் வண்டி அரை நாள் நின்றது. அடுத்த வாரம் மறுபடி இரண்டு தடவை.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. கரித்தூசி புளோயர் பேரிங்கில் ஏறி இறுகியிருந்தது. சுற்ற முடியாமல் அது கூடுதல் கரண்ட் இழுத்தது. பியூஸ் தன் வேலையைச் செய்தது.

"ரெண்டு நாள் வண்டிய நிறுத்துங்க முதலாளி. புளோயரக் கழட்டிச் சுத்தம் பண்ணி, ஒயரையும் மாத்திடுறேன்."

"ரெண்டு நாளா? கருவாட்டுக்காரன் வேற வண்டி பாத்துக்கிட்டுப் போயிருவான். பியூஸ்தானே எரியுது? எரியாத மாதிரி கட்டிப் போடு."

"பியூஸ் எரியலைன்னா ஒயர் எரியும்."

"நீ ஒயர்மேனா, முதலாளியா?"

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ஷெட்டை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மனதில் ஓடியதைச் சொல்கிறேன். செம்புக் கம்பியில் நாலு இழை எடுத்து முறுக்கி, பீங்கானில் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கட்டினேன்.

காதர் அண்ணனிடம் காட்டினேன். "அண்ணே, ஒரு வாரத்துக்குத்தான். புளோயர அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓட விடாதீங்க."

"நீ சொன்னாச் சரி தம்பி" என்றார்.

3. ஆவுடையார்கோவில் சாலை

ஐந்தாம் நாள் காலை பத்து மணி சுமாருக்கு நடந்தது. ஆவுடையார்கோவிலைத் தாண்டி வண்டி இழுக்காமல் நின்றிருக்கிறது. காதர் அண்ணன் கரியைக் கிளறிவிட்டு புளோயரைப் போட்டிருக்கிறார். சிப்பங்களுக்கு மேல் இரண்டு மீன்கார அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் கருகும் வாடையை முதலில் சொன்னது அவர்கள்தான்.

காதர் அண்ணன் புளோயர் சுவிட்சை அணைத்தார். புகை நிற்கவில்லை. உருகிய ஒயர் பக்கத்து ஒயரையும் உருக்கி, சீட்டுக்கு அடியில் இரும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சீட்டின் தேங்காய் நார் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் இரண்டு பேரையும் கீழே இறக்கினார். பிறகு திரும்பி வந்து, எரியும் சீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, அடியிலிருந்த பேட்டரியின் முனையை வெறுங்கையால் திருகிப் பிடுங்கினார். ஸ்பேனர் தேட அவகாசம் இல்லை. மெயின் சுவிட்ச் இருந்திருந்தால் ஒரு தட்டில் முடிந்திருக்கும்.

லாரி பிழைத்தது. சரக்கும் பிழைத்தது. அவருடைய வலது உள்ளங்கை வெந்துபோயிற்று.

4. விசாரணை

பத்து நாள் கழித்து மோட்டார் இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டிரைவர்தான் கட்டினான்னு நான் சொல்லிட்டேன். நீ கட்டினன்னு சொன்னா மொதல்ல உள்ள போறது நீதான். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் கருகிய பலகையை மேஜை மேல் வைத்தார். அந்தச் செம்புக் கம்பி மட்டும் உருகாமல் அப்படியே இருந்தது. காதர் அண்ணன் கையில் துணிக்கட்டோடு எதிரில் நின்றார்.

"இதைக் கட்டினது யாரு?"

"நான் கட்டலைங்க ஐயா" என்றார் காதர் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் பார்த்தார்.

"நான் பியூஸ் போட்டுத்தாங்க வண்டிய அனுப்பினேன்" என்றேன்.

அவ்வளவுதான். அவருடைய லைசென்ஸைப் பறித்தார்கள். முதலாளி அன்றைக்கே அவர் கணக்கை முடித்து அனுப்பினார்.

அடுத்த மாதமே தடித்த ஒயர் வந்தது. மெயின் சுவிட்சும் வந்தது. ஷெட்டில் இருந்த மூன்று வண்டிக்கும் நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. என்னைத் தலைமை ஒயர்மேன் ஆக்கினார்கள். அந்த வேலையை மூன்று வருஷம் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

5. கோட்டைப்பட்டினம்

யுத்தம் முடிந்த பிறகு ஒரு வேலையாகக் கோட்டைப்பட்டினம் போனேன். காதர் அண்ணன் கடற்கரையில் மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கை விரல்கள் பாதிதான் மடங்கின.

"அண்ணே, நான்தான் கட்டினேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா ஒயர்மேன்? எங்கிட்ட வந்து சொல்றீங்களே" என்றார். தம்பி என்று கூப்பிடவில்லை. "நானே வண்டியக் கொளுத்திட்டேன்னு இந்த ஊர்ல பேசுறாங்க. எம் மகன் காதுலயும் அது விழுந்திருக்கு. எழுதிக் குடுங்க."

பக்கத்துக் கடையில் தாள் வாங்கி எழுதினேன். முதலாளி சொன்னது, நான் கட்டியது, இன்ஸ்பெக்டரிடம் பொய் சொன்னது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வாசிங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

ஏலத்துக்கு வந்தவர்கள், வலை இழுத்து வந்தவர்கள், மீன்காரப் பெண்கள், முப்பது பேருக்குக் குறையாது. பின்னால் அவருடைய மகன் நின்றான், நன்றாக வளர்ந்த பையன். வாசித்தேன். பாதியில் குரல் இறங்கியது. "சத்தமா" என்றார். முடிவுவரை வாசித்தேன். அவர் தாளை வாங்கி மகனிடம் கொடுத்துவிட்டு ஏலத்துக்குத் திரும்பிப் போனார். என்னை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான்.

அந்தத் தாளின் நகலை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் கொண்டுபோனேன். பழைய ஃபைல் முடிந்துவிட்டது என்றார்கள். விஷயம் முதலாளி காதுக்குப் போய், அந்த வாரமே என் வேலையும் போயிற்று.

ஒயரிங் கற்றுக்கொள்ள வரும் உங்களுக்கு, எந்த லைனுக்கு எத்தனை ஆம்பியர், எங்கே கிளிப் அடிப்பது என்பதையெல்லாம் புஸ்தகம் சொல்லும். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பாதுகாப்பில்லாத வேலையைச் செய் என்று மேலே இருப்பவர் சொன்னால், முடியாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பயத்தில் செய்துவிட்டீர்களா, கேட்கிறவர் கேட்கும்போதே ஒப்புக்கொள்ளுங்கள். நான் மூன்று வருஷம் தாமதமாகச் சொன்னேன். காதர் அண்ணனுக்கு லைசென்ஸும் திரும்பவில்லை, கையும் திரும்பவில்லை.