அமாவாசையன்று போட்ட படம்

"நாளைக்கு அமாவாசை. தறியில கை வெக்க மாட்டோம். அப்போ எந்தப் படத்தப் போடறது?" என்று காவேரி அக்கா கேட்டார்.

அது 2007. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான்தான், பக்கத்து வீட்டு நெசவாளியான அவருக்கு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தேன். "ஒரு நாள்கூட விடக்கூடாதுக்கா. விட்டா யாரும் திரும்பி வர மாட்டாங்க" என்று பெரிய ஆள் மாதிரி சொல்லியும் வைத்தேன்.

அக்கா அப்போது நெய்தது அவரே யோசித்த புடவை. சாம்பல் நிறம், கத்தரிப்பூக் கரை. வழக்கமாக வாங்கும் முதலாளி, "சாம்பலா? கல்யாணத்துக்கு யாரும்மா கட்டுவா?" என்று கையை விரித்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காவிட்டால், இனி அவர் சொல்வதைத்தான் அக்கா நெய்ய வேண்டும்.

பன்னிரண்டு நாள் தினமும் தறியைப் படம் எடுத்துப் போட்டோம். நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் ஒரு முழம்தான் வித்தியாசம். வந்த பின்னூட்டம் மூன்று. அதில் இரண்டு நான் வேறு பெயரில் எழுதியது.

அமாவாசைக் காலையில் அக்கா செல்போனோடு, நாங்கள் படம் ஏற்றும் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். படத்தில், அவர் கணவர் ராமலிங்கம் மாமா தறியடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுதுமா: இன்று தறிக்கு லீவு. இவருக்குத் தினமும் லீவு."

"மாமாவுக்குத் தெரியுமாக்கா?"

"தூங்கறவருக்கு எப்படிமா தெரியும்?"

சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பின்னூட்டம். 'பாவம், எழுப்பாதீங்க.' 'எங்க வீட்டிலயும் ஒருத்தர் இருக்கார்.' நடுவில் சென்னையிலிருந்து ஸௌம்யா என்பவர்: 'அவர் தலைக்கு மேலே தெரிகிற சாம்பல் புடவை விற்பனைக்கா?' அதை அக்கா நான்கு முறை படித்தார். பிறகு முந்தைய பன்னிரண்டு படங்களையும் ஸௌம்யா ஒன்றுவிடாமல் பார்த்து, கரையைப் பற்றிக் கேள்வி கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் நேரில் வந்தார். விஷயம் தெரிந்துபோன மாமா, இஸ்திரி போட்ட சட்டையும் விபூதிப் பட்டையுமாக விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் கேக்காம போட்டுட்டாம்மா," என்று வந்தவரிடமே புகார் சொன்னார்.

"கேட்டிருந்தா முழிச்சிக்கினு இருந்திருப்பீங்க. யாரு பார்ப்பா?" என்றார் அக்கா.

ஸௌம்யா புடவையை வாங்கிக்கொண்டார். தங்கைக்கும் ஒன்று வேண்டும், நிறத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். முதலாளி வீட்டுக்கு அக்கா அந்த வாரம் போகவில்லை.

இரண்டு நாள் படம் போட்டு, யாரும் பார்க்கவில்லை என்று விட்டுவிட்டவர் உங்களுக்குத் தெரிந்து ஒருவராவது இருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள். ராமலிங்கம் மாமா காதில் விழாமல் சொன்னால் நல்லது.