மாமாவின் கைக்கு எண் வரவில்லை

அத்தைக்கு ரத்த அழுத்தம் இருந்தது, மாமாவுக்கு வாய் இருந்தது. எங்கள் குடும்பத்தில் இரண்டையும் வியாதியாகவே வைத்துப் பேசினார்கள். மாமா என் அம்மாவின் அண்ணன். தில்லியில் ஒரு அமைச்சகத்தில் வேலை, கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வீடு. நாங்கள் கிட்வாய் நகரில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ் பிடித்து அங்கே போய்விடுவோம். திருநெல்வேலியை விட்டு வந்து பாதி ஆயுள் ஆகியும் மாமாவின் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. காய்கறிக்காரரிடம் அவர் பேசிய இந்திகூட நெல்லை இந்திதான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த மாமாவின் மகன், என் அத்தான், தன் அம்மாவுக்கென்று ஒரு பிரஷர் மெஷின் வாங்கி நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதுவரை பிரஷர் பார்ப்பதென்றால், டிஸ்பென்சரி டாக்டர் ரப்பர் பந்தை அமுக்கி, காதில் குழாயை மாட்டிக்கொண்டு, கெட்ட செய்தி கேட்பவர் போல முகத்தை வைத்துக்கொள்வதுதான். இதில் பந்தும் இல்லை, காதுக்குழாயும் இல்லை. பட்டையைக் கையில் சுற்றி பட்டனை அழுத்தினால் அதுவே உறுமிக்கொண்டு காற்றை நிரப்பிக்கொண்டது.

காதில் வைத்துக் கேட்காமல் அதற்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். மாமா இதற்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இங்க பாரு. பட்டைக்குள்ள காத்து ஏறுதுல்லா, அது கைக்குள்ள ஓடுத ரத்தக் குழாய நசுக்கி அடைச்சிரும். பெறவு காத்த மெல்ல மெல்ல விடும். ஒரு நேரத்துல ரத்தம் இடிச்சிக்கிட்டு உள்ள பூந்துரும். ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் அதிரும். குழாய் அதிர்ந்தா பட்டையில இருக்க காத்தும் அதிரும். அது டியூப் வழியா பெட்டிக்கு வந்துரும். அதிர்வு எங்க கூடுது, எங்க குறையுதுன்னு பாத்து மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர்னு கணக்குப் போட்டுச் சொல்லிரும். காது எதுக்குங்கேன்?”

அத்தைக்கு வந்த எண் எல்லோருக்கும் கவலையைக் கொடுத்தது. உப்பைக் குறைக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பார்த்தார்கள். நல்ல எண்களாக வந்தன. கடைசியில் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். மெஷின் உறுமியது, இறுக்கியது, தளர்ந்தது, மறுபடி இறுக்கியது. திரையில் எண்ணுக்குப் பதிலாக ‘E’ என்று ஒரே ஓர் எழுத்து வந்தது. தப்பு என்று அதற்கு அர்த்தமாம்.

“பேசாம இருந்தாத்தான நம்பர் வரும்? வாய மூடுங்க,” என்றாள் அத்தை.

மாமா இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதும் அதே எழுத்துதான்.

“பாத்தியளா, என்னை அளக்க அதுக்குத் தைரியம் இல்ல!” என்று சிரித்தார்.

அன்றே அவர் எனக்கு நாடி பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். என் மணிக்கட்டில் அது ஒழுங்காகத் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு துடிப்பு அவசரமாக வந்தது, பிறகு எதுவும் இல்லை, பிறகு ஒன்று, உடனே ஒட்டினாற்போல இன்னொன்று. நின்று நின்று ஓடுகிறது என்று சொல்ல எனக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை.

“மாமா, இது ருக்-ருக்கே சல்தா ஹை,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். “தமிழ்ல சொல்லுட்டி,” என்று அம்மா என் தலையில் தட்டினாள். “தில்லி பஸ்ஸுல்லா, நின்னு நின்னுதான் போகும்,” என்றார் மாமா. அத்தையும் சிரித்தாள். என் தமிழைத் திருத்துவதில் அந்தச் சாயங்காலம் போயிற்று.

மெஷினில்தான் கோளாறு என்று முடிவானது. அடுத்த சனிக்கிழமை மாமாவும் அப்பாவும் அதைச் சாந்தினி சௌக்கில் மருத்துவச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் தன் கையில் சுற்றிப் பார்த்தார், கடைப் பையன் கையிலும் சுற்றிப் பார்த்தார். “மெஷின் டீக் ஹை, அங்கிள்ஜி,” நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்லி, புது பேட்டரி போட்டுக் கொடுத்தார். மாமா எனக்கு ஜிலேபி வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் பட்டை சுற்றவில்லை. நோயாளி அத்தைதானே.

பனிமூட்டம் இறங்கிய ஒரு ஜனவரிக் காலையில், ஆபீஸ் பஸ்ஸுக்காகக் காத்திருந்த இடத்தில் மாமா சரிந்து விழுந்தார். கூட நின்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாங்கள் போனபோது அவருடைய வலது கையும் காலும் அசையவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

டாக்டர் மாமாவின் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். இதயம் தாளம் தவறித் துடிக்கிறது, அதனால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போயிருக்கிறது என்று அப்பாவிடம் இந்தியில் சொன்னார். அப்பா மெஷின் விஷயத்தைச் சொன்னார். அந்த மாதிரி மெஷின்கள் சீரான துடிப்பைத்தான் எதிர்பார்க்கும், கன்னாபின்னாவென்று வந்தால் சில சமயம் கணக்குப் போட முடியாமல் விட்டுவிடும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா, “புள்ள அன்னைக்கே சொன்னாளே,” என்றாள்.

“சரி, விடு,” என்றார் அப்பா.

ஹோலிக்கு முன்பு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு மட்டும் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து அத்தான் வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனார். மாமாவுக்கு அழுத்தம் பார்க்க டிஸ்பென்சரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும், அந்த மெஷின் இனி அவருக்குப் பயன்படாது என்று அத்தையிடம் அத்தானே விளக்கிச் சொல்லியிருந்தார். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவை வெயிலுக்காகப் பால்கனியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை மெஷினை எடுத்துக்கொண்டு வந்தாள். மாமாவின் அசையாத கையில் ஸ்வெட்டரை மேலே தள்ளிவிட்டு, பட்டையைச் சுருக்கமில்லாமல் சுற்றினாள். அவர் கையைத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையை விரித்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் முன்னால் அவர்கள் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை.

அத்தை அப்படியே உட்கார்ந்திருந்தாள். மெஷின் உறுமவில்லை. மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கண்ணை மூடினார். நான் உதவி செய்வதாக நினைத்து பட்டனை நோக்கி விரலை நீட்டினேன். அத்தை என் விரலைப் பிடித்து விலக்கினாள்.

“வேண்டாம்மா. இருக்கட்டும்.”

வெயில் கைப்பிடிச் சுவர்மேல் ஏறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு பட்டையைக் கழற்றி, டியூபைச் சுருட்டி, பெட்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன்: “அத்தைக்கு மறதி வந்துட்டும்மா. பட்டையச் சுத்துனாங்க, பட்டன அமுக்கவே இல்ல.”

அம்மா என் கம்பளிக் குல்லாவை இழுத்துக் காதை மூடிவிட்டாள். பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.