யானைக்குக் கண் வைத்த நாள்

பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மகள் சொன்னாள்: "ம்மா, யானைக்கு நான்தான் கண்ணு வெக்கப் போறேன். மிஸ் சொல்லிட்டாங்க."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நல்லது கண்ணு, முகம் கழுவிட்டு வா என்று வாய் சொல்லிவிட்டது. மனம் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் களிமண் வேலை நடந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து சிற்பம் செய்கிற ஒரு பெண் வந்திருந்தார். முடியைக் குட்டையாக வெட்டி, ஆம்பளைச் சட்டை மாதிரி ஒன்று போட்டிருப்பார். எப்போது பார்த்தாலும் முழங்கை வரை சேறு. பிள்ளைகள் அவரைத்தான் மிஸ் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் பிள்ளைகளிடம், உங்க ஊர்லயே ரொம்பப் பெருசு எது என்று கேட்டாராம். யானை என்று எல்லாரும் கத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் எல்லாரும் சேர்ந்து ஒரே யானையாகச் செய்வோம் என்றிருக்கிறார். ஏரியிலிருந்து மண் வந்தது. காய்ந்த ராகித் தாளை மண்ணில் நறுக்கிப் போட்டுப் பிள்ளைகள் காலால் மிதித்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தும்பிக்கை, ஒரு கூட்டத்துக்குக் காது, ஒரு கூட்டத்துக்குக் கால் என்று பிரித்துக் கொடுத்தார்.

எனக்கு அன்றைக்கே உறுத்தியது. காடு முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஒகேனக்கல் போகிற டூரிஸ்ட் பஸ்காரர்களுக்கு யானை என்றால் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுக்கிற சமாச்சாரம். எங்களுக்கு அப்படி இல்லை. ராகி பால் பிடிக்கிற காலத்தில் பொழுது சாய்ந்தால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. "பெரியவரு" என்போம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடும். என் கணவர் அப்போது தினமும் இரவு எங்கள் ராகிக் காட்டில் பரண் மேல்தான் காவல் இருந்தார். இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யானை, யானை என்று நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் பயப்படுகிறவள். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். கணவர் போனை எடுக்கவில்லை என்றால் சார்ஜ் இல்லை போலிருக்கிறது என்று நினைக்க எனக்கு வராது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், படித்திருந்தால் பயம் குறைந்திருக்குமோ என்று அதையும் யோசித்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை குழாயடியில் சத்துணவு சமைக்கிற அக்காவிடம் வாயைக் கொடுத்தேன்.

"கண்ணு வெக்கறது உம் பொண்ணாமே?" என்றார் அவர்.

"ஆமாங்க்கா. சும்மா பொம்மைக்குத்தானே."

"பொம்மைதான். நாலு காலு வெச்சு நிக்க வெச்சாச்சு, தும்பிக்கை வெச்சாச்சு. கண்ணையும் தெறந்துட்டா அப்புறம் அது பொம்மையா? முனியப்பன் செலைக்குக் கண்ணு தெறந்தப்ப நீயுந்தானே இருந்த?"

இருந்தேன். ஒருத்தரையும் எதிரே நிற்க விடவில்லை. ஸ்தபதி பக்கவாட்டில் நின்று கண்ணைத் திறந்தார். சிலைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்தார்கள். திறந்த கண்ணின் முதல் பார்வையில் அத்தனை சூடு இருக்குமாம். அது கண்ணாடியில் தன்மேலேயே விழுந்து தணிய வேண்டும். ஆள் மேல் விழுந்தால் தாங்காது.

"ஐயோ, மூஞ்சியப் பாரு" என்று அக்கா சிரித்தார். "உன்னாட்டம் ஆளுகிட்ட இதச் சொல்லியிருக்கவே கூடாது. இன்னைக்கு உனக்குச் சோறு எறங்காது போ."

வீட்டுக்கு வந்தால் கணவர் காவல் முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அது மண்ணு. நிசமா வர்றவரு எதுத்த கரட்டு மேட்டுல நின்னு நம்ம ராகியத்தான் பாத்துட்டு இருக்காரு. அவருக்கு எந்த மிஸ்ஸு வந்து கண்ணு தெறந்துச்சு?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

மகளுக்குத் தலை பின்னும்போது மெதுவாகக் கேட்டேன். "கண்ணு வேற யாராச்சும் வெக்கட்டுமே, சாமி?"

அவள் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்துக்கொண்டது.

எனக்குக் காரணம் தெரியும். யானையின் ஒரு பின்னங்கால் அவள் செய்தது. இரண்டு பக்கமும் கீறிவிட்டுச் சேற்றைக் குழைத்துப் பூசித்தான் ஒட்ட வேண்டும் என்று அந்த மிஸ் சொல்லியிருந்தார். இவள் அவசரத்தில் கீறாமல் ஒட்டிவிட்டாள். மறுநாள் கால் தனியே கழன்று கிடந்தது. "நொண்டி யானை, நொண்டி யானை" என்று அவளையே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த நாள் தானே கீறி, தானே பூசி, காய்கிறவரை செங்கல்லை முட்டுக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். கால் நின்றது. அதற்காகத்தான் கண்ணை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை நான் எப்படிப் பிடுங்குவது? பிடுங்காமலும் எப்படி இருப்பது?

அவள் போன கொஞ்ச நேரத்தில், கணவர் சவரம் செய்கிற கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

யானை புளியமரத்தடியில் நின்றது. நான் நினைத்ததைவிடப் பெரிது; என் இடுப்புக்கு மேலே வந்தது. காது ஒன்று பெரிது, ஒன்று சின்னது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன விரல் பதிந்த குழிகள். பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ்ஸிடம் என்ன சொல்வது? வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு வாசலிலேயே போய்விட்டது. துண்டைப் பிரித்து, "கண்ணாடிங்க மிஸ்... கண்ணு வெக்கறதுக்கு..." என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எவ்வளவு நல்ல ஐடியாங்க! பசங்களா, இங்க பாருங்க. எல்லாரும் முதல்ல அவங்கவங்க கண்ணை நல்லாப் பாருங்க. இமை எப்படி மடியுது, ஓரம் எப்படி இருக்குன்னு." கண்ணாடியை வாங்கி முதல் வரிசையில் கொடுத்துவிட்டார்.

அதுக்கில்லீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடி அதற்குள் கை மாறிவிட்டது. ஒருத்தன் இமையைத் திருப்பிக் காட்டினான். ஒருத்தி நாக்கை நீட்டினாள். கண்ணாடி பின்னால், பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் என் மகள் இரண்டு மண் உருண்டைகளை உருட்டி எழுந்து யானையிடம் போய்விட்டாள். கையில் புளியங்கொட்டை. அதை உருண்டைக்குள் அழுத்தினால் கண்.

"குடுங்க சாமி, கண்ணாடியக் குடுங்க" என்று நான் வரிசைக்குள் புகுந்தேன். அவர்கள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் இந்தப் பக்கம் போனால் கண்ணாடி அந்தப் பக்கம் போகிறது. "அக்கா, இங்க! அக்கா, இங்க!" சேலை தடுக்கி ஒரு பையன் மடியிலேயே கையை ஊன்றினேன். கடைசியில் பிடுங்கிக்கொண்டு ஓடி, யானையின் முகத்துக்கு நேரே நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மெதுவாகக் கண்ணைத் திறந்தால் எதிரே என் முகம். வேர்த்து, பொட்டு கலைந்து. கண்ணாடியைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன். யானைக்குக் காட்டியது பின்பக்கத்து நீலப் பிளாஸ்டிக்கை.

"ம்மா, நீ எதுக்கு மூஞ்சி பாக்கற?" என்றாள் மகள்.

"பவுடரு போட வந்திருக்காங்கடீ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். புளியமரமே சிரித்தது. மிஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளைத் தனியே இழுத்துக் கேட்டேன். "கண்ணு வெச்சுட்டியா?"

"ரெண்டும் வெச்சுட்டேன். இந்தப் பக்கம் இப்பத்தான். அந்தப் பக்கம் அப்பவே."

"அப்பவேன்னா எப்ப?"

"நீ பையங்க நடுவுல ஓடிட்டு இருந்தியே, அப்ப."

"வெக்கறப்ப எங்க நின்ன? நேரா நின்னியா?"

"இல்லம்மா. முன்னாடி நின்னா வெளிச்சம் மறைக்குதுன்னு மிஸ் சொன்னாங்க. காதுக்குப் பின்னாடி நின்னு கைய நீட்டித்தான் வெச்சேன். ஏம்மா?"

முதலில் கண் வைத்த அந்தப் பக்கம் போனேன். யானையின் தலையோடு தலை வைத்துக் குனிந்து, அந்தக் கண் பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். பிள்ளைகள் மண் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் குட்டை. பார்வை அவர்கள் தலைக்கு மேலேதான் போனது. அவள் கண் வைத்த நேரத்தில் அந்த உயரத்தில் அங்கே நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் நான்.

சமையற்கட்டிலிருந்து அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "என்னாச்சு? யாரு மேல வுழுந்துச்சு?"

"எம் மேலதாங்க்கா."

"உன்னையா பாத்துச்சு? பாவம், பொறந்த ஒடனே பயந்திருக்கும்."

அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. மகள் அதற்குள் தன் யானையிடம் போய், தான் ஒட்டிய காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் நொண்டி என்று கூப்பிடவில்லை.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகு பால் பொங்கி வழிந்தாலும், கல்லில் கால் இடறினாலும், பஸ் கண்ணெதிரே போனாலும், சரி, அந்தப் பார்வைதான் என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். ஆனால் அதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. போன மழையில் மகளுக்குக் காய்ச்சல் அடித்தபோது, முன்பு மாதிரி வாசலுக்கும் கட்டிலுக்கும் நடக்கவில்லை. நனைந்துகொண்டு வந்தாள், அதனால் வந்த காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தேன். அவள் மேல் விழ வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. அதை நான் வாங்கிக்கொண்டுவிட்டேன்.